சேவல் கொண்டையும் குரங்குத் தொப்பியும்

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் மூன்று நான்கு வீடுகளிலாவது குலசைத் தசராவுக்கு மாலை போட்டுக்கொள்வார்கள். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, காளியாகவோ குறத்தியாகவோ கரடியாகவோ குரங்காகவோ வேடம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை பெற்று, அதைக் கொண்டுபோய் அம்மன் சன்னிதியில் சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். போன ஆண்டு எதிர்வீட்டுப் பையனுக்குக் குரங்கு வேடம் என்று முடிவாயிற்று. அவனுக்கு ஏழு வயது. கடையில் வாங்கிய ரப்பர் முகமூடியைப் போட்டுப் பார்த்தவன், மூச்சு முட்டுகிறது என்று ஐந்தே நிமிடத்தில் கழற்றிவிட்டான். அவன் தாய் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, நீங்க பொம்மையெல்லாம் பின்னுதீங்கள்லா, அதே மாதிரி இவன் தலைக்கு ஒண்ணு பின்னித் தருவீங்களா? முகத்துக்குச் சாயம் பூசிக்கிடுதோம். தலைக்கும் காதுக்கும் இருந்தாப் போதும்" என்று கேட்டாள்.

நான் குரோஷா ஊசி, அதாவது நுனியில் கொக்கியுள்ள பின்னல் ஊசி, பிடித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மேசை விரிப்பு, கைக்குட்டை ஓரம், குழந்தைச் சட்டைக் கழுத்து என்று தட்டையான பொருள்களையே நெடுங்காலம் பின்னிக்கொண்டிருந்தேன். பொம்மைக்கும் வேடத் தொப்பிக்கும் வந்தது கடந்த ஏழெட்டு ஆண்டுகளாகத்தான். இந்த ஆண்டுகளில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்ட செய்தி ஒன்று உண்டு. உருவம் என்பது கண்ணிகளின், அதாவது ஊசியால் நூலை இழுத்துப் போடும் வளையங்களின், எண்ணிக்கையிலேயே இருக்கவேண்டும். பின்னி முடித்தபின் இழுத்துத் தைத்தோ, பஞ்சைத் திணித்தோ, கஞ்சி போட்டோ வரவழைக்கும் உருவம் ஒரு சலவைக்குக்கூடத் தாங்காது. இந்தப் பதிவு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

என் அப்பா பாளையங்கோட்டையில் தையற்கடை வைத்திருந்தார். தட்டையான துணி உடம்பின் வளைவுக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதைச் சிறு வயதிலேயே அவர் மேசையருகே நின்று பார்த்திருக்கிறேன். ரவிக்கையில் டார்ட் பிடிக்கும்போது, துணியிலிருந்து ஒரு முக்கோணத்தை அவர் மடித்து மறைத்துவிடுவார். மறைந்த முக்கோணத்தின் அளவுக்குத் துணி குவிந்து எழும். குரோஷாவில் வெட்டுவதும் மடிப்பதும் இல்லை. அந்த முக்கோணம் தொடக்கத்திலிருந்தே பின்னப்படாமல் விடப்படுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. எந்தச் சுற்றில் எத்தனை கண்ணி கூட்டுகிறோம், எங்கே கூட்டாமல் விடுகிறோம் என்பதே இங்கே கத்தரிக்கோலின் வேலையைச் செய்கிறது.

பொம்மைப் பின்னலில் எங்கும் காணப்படும் எண் ஆறு. மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்தால் மூடிக்கொள்ளும் நூல் வளையத்தில், ஆறு கண்ணி போட்டுத் தொடங்கி, சுற்றுக்கு ஆறாகக் கூட்டி, 12, 18, 24, 30 என்று போனால் தட்டையான வட்டம் கிடைக்கும் என்று எல்லாச் செய்முறைகளும் சொல்கின்றன. ஏன் ஆறு என்று நான் நீண்ட நாள் கேட்டதே இல்லை. காரணம் எளியது. பொம்மைக்குப் பின்னும் குட்டைக் கண்ணியின் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஒரு சுற்று முடியும்போது வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணியளவு நீள்கிறது. ஆரம் ஒன்று நீண்டால் சுற்றளவு 6.28 நீளும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு. அந்த 6.28க்கு மிக அருகில் இருக்கும் முழு எண் ஆறு. ஆறைவிடக் குறைவாகக் கூட்டினால் பின்னல் கூம்பாக எழுகிறது. சுற்றுக்கு மூன்று கூட்டினால் நுனிக்கோணம் ஏறத்தாழ 57 பாகை வரும். கோழி அலகுக்கு அது சரியான அளவு. சுற்றுக்கு ஒன்றே கூட்டினால் 18 பாகையளவில் ஒல்லியான கொம்பு கிடைக்கும். ஒன்றும் கூட்டாவிட்டால் நேரான குழாய்.

ஆறைவிட அதிகமாகக் கூட்டினால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு பிழையின் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால், இந்தக் கலை எங்கள் பக்கத்துக்கு வந்த வழியைச் சொல்லவேண்டும். நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த மார்த்தா மால்ட்டின் மகள் எலைசாவை 1844இல் கால்டுவெல் மணந்தார்; அந்த எலைசா அம்மையார்தான் இடையன்குடியில் லேஸ் பின்னலைத் தொடங்கியவர். அது குரோஷா அன்று. தலையணை மேல் ஊசிகளைக் குத்தி, சிறு குச்சிகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்று மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ் அது. ஆயினும் மிஷன் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்குத் தையலும் நூல்வேலையும் பாடமாக இருந்த அந்த வழியில்தான் பாளையங்கோட்டையில் நானும் குரோஷா கற்றேன். எங்களுக்கு வகுப்பெடுத்த ஆசிரியை கண்ணிகளுக்குச் சொல்லிக்கொடுத்த பெயர்கள் எல்லாம் இங்கிலாந்தில் வழங்கும் பெயர்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் 'டபுள் குரோஷே' என்று சொல்லும் கண்ணியை அமெரிக்கர்கள் 'சிங்கிள் குரோஷே' என்கிறார்கள். அமெரிக்கர்களின் 'டபுள்' இங்கிலாந்தில் 'ட்ரெபிள்' ஆகிவிடுகிறது. பெயர் ஒன்று, கண்ணி வேறு. இது தெரியாமல், ஒரு தொப்பிக்கான அமெரிக்கச் செய்முறையை எடுத்துக்கொண்டு, அதில் 'டபுள்' என்று இருந்த இடங்களிலெல்லாம் என் ஆசிரியை சொன்ன டபுளை, அதாவது குட்டைக் கண்ணியைப் போட்டேன். அமெரிக்க டபுள் நெட்டைக் கண்ணி. அதன் உயரம் அகலத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் அந்தச் செய்முறையில் சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்டச் சொல்லியிருந்தார்கள். நானோ குட்டைக் கண்ணியில் பன்னிரண்டு கூட்டினேன். ஐந்தாவது சுற்றில் ஓரம் அலைபாயத் தொடங்கியது. எட்டாவது சுற்றில் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, மாலைக்கடையில் விற்கும் கோழிக்கொண்டைப் பூவைப்போலவே ஆகிவிட்டது. தண்ணீரில் நனைத்து, பலகையில் விரித்து, குண்டூசி குத்திக் காயவைத்துப் பார்த்தேன். ஊசியை எடுத்ததும் பழையபடி சுருண்டுகொண்டது. சுற்றளவு ஆரத்துக்குத் தேவையானதைப்போல இரண்டு மடங்கு இருக்கும்போது அந்த மிகுதி எங்கே போய் ஒளியும்? மடிந்துதான் தீரவேண்டும்.

கணிதத்தில் அதிபரவளையத் தளம் என்றொரு பரப்பு உண்டு; அதிலும் இப்படித்தான் ஆரத்துக்குத் தேவையானதைவிடச் சுற்றளவு மிகுந்து மடிகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்னும் கணித ஆசிரியர் 1997இல் அந்தத் தளத்தைக் குரோஷாவில் பின்னி மாணவர்களுக்குக் காட்டினார். காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் கிழிந்துபோகவே, கையில் பிடித்து மடித்துப் பார்க்கக்கூடிய மாதிரி வேண்டுமென்று அவர் ஊசியை எடுத்தார். நான் தற்செயலாகச் செய்ததைப் போன்ற ஒன்றை அவர் தெரிந்தே செய்திருக்கிறார் என்று பிற்பாடு படித்தபோது, அவிழ்த்துப் போடாமல் வைத்திருந்த அந்தச் சிவப்புச் சுருளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பள்ளி மாறுவேடப் போட்டிக்குச் சேவல் தொப்பி கேட்ட ஒரு பிள்ளைக்கு அதுவே கொண்டையாயிற்று. பாதியாக மடித்து, மடிப்பின் ஓரத்தைத் தொப்பியின் நடுக்கோட்டில் தைத்தேன். கம்பியும் அட்டையும் இல்லாமலே அது நிமிர்ந்து நிற்கிறது. இப்போது சேவல் கொண்டை என்றால் குட்டைக் கண்ணியில் சுற்றுக்குப் பன்னிரண்டு என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

குரங்குத் தொப்பிக்கு வருகிறேன். பையனின் தலையை இஞ்ச் டேப்பால் அளந்தேன்: புருவத்துக்கு மேலே தொடங்கி, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை மேட்டைச் சுற்றி 52 செ.மீ. வயதை வைத்து அளவு சொல்லும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் தலையளவில் மூன்று செ.மீ. வேறுபாட்டைப் பார்த்திருக்கிறேன். பின்னல் விரிந்துகொடுக்கும் என்பதால் மூன்று செ.மீ. கழித்து 49 என்று வைத்துக்கொண்டேன். 3.5 மி.மீ. ஊசியில் நான் எடுத்த பருத்தி நூலுக்குப் பத்துக் கண்ணி ஐந்து செ.மீ. வந்தது. ஆகவே 98 கண்ணி வேண்டும்; ஆறால் வகுபட 96 என்று கொண்டால், ஆறு ஆறாகப் பதினாறு சுற்றுகளில் அந்த எண்ணிக்கையை எட்டிவிடலாம்.

ஆனால் பதினாறு சுற்றையும் தொடர்ந்து கூட்டிவிட்டு, அதன்பின் கூட்டாமல் நேராக இறங்கினால் தொப்பி சம்படத்தின் மூடியைப்போல இருக்கும். உச்சி தட்டையாகவும் ஓரம் முனைப்பாகவும் வரும். மகுடத்துக்கு அது வேண்டும். மகுடத்தின் அடியில் அந்த ஓரம் இன்னும் கூர்மையாகத் தெரியவேண்டுமென்றால், திரும்பும் சுற்றில் கண்ணியின் உச்சியில் உள்ள இரண்டு இழைகளில் பின்பக்க இழையை மட்டும் எடுத்துப் பின்னவேண்டும். அட்டையை மடித்ததுபோல விளிம்பு எழும். மனிதத் தலைக்கோ விளிம்பு கிடையாது. அதனால் முதல் பன்னிரண்டு சுற்றுகளில் தொடர்ந்து கூட்டி 72 ஆக்கினேன். அதன்பின் ஒரு சுற்றைக் கூட்டாமலும் அடுத்ததைக் கூட்டியும் மாறி மாறிப் போட்டு, இருபதாவது சுற்றில் 96ஐ எட்டினேன். பிறகு பதினெட்டுச் சுற்று நேராக. உச்சியிலிருந்து ஓரம்வரை மொத்தம் 38 சுற்று, 19 செ.மீ. பையன் தலையில் வைத்தபோது எங்கும் துருத்தாமல் உட்கார்ந்தது.

கூட்டும் இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்தால் வட்டம் வட்டமாக இராது. ஆறு மூலைகள் தெரியும். ஒரு சுற்றில் பகுதியின் தொடக்கத்திலும் அடுத்த சுற்றில் நடுவிலும் கூட்டினால் மூலைகள் கரைந்துவிடும். மூலையே வேண்டுமென்றால் இதைத் திருப்பிச் செய்யலாம். சுற்றுக்கு எட்டுக் கூட்டி, அந்த எட்டையும் நான்கு மூலைகளில் இரண்டிரண்டாகக் குவித்தால் சதுரம் வரும். என் ஆச்சி பனையோலையில் பெட்டி முடைவார். அடி சதுரமாக இருக்கும். ஏற ஏற மூலைகள் மங்கி, வாய்க்கு வரும்போது வட்டமாகிவிடும். சிறு பிள்ளையாக அதைத் தடவிப் பார்த்து, மூலை எந்த இடத்தில் மறைகிறது என்று தேடியிருக்கிறேன். சதுர அடியோடு தொடங்கிக் கூட்டாமல் ஏறும் குரோஷாக் குழாயிலும் அதுவேதான் நடக்கிறது. மூலைகளில் கூட்டல் நின்றதும் வாய் தன் போக்கில் வட்டத்தை நாடுகிறது. வேடத்துக்கான பெட்டித் தொப்பிகளை நான் இப்போதும் ஆச்சியின் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டுதான் பின்னுகிறேன்.

நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மாதிரிக்காக அக்ரிலிக் உல்லன் நூலில் ஒன்று பின்னினேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது. ஐப்பசி மழை இறங்குவதற்கு முந்தைய எங்கள் ஊர்ப் புழுக்கத்தில், கூட்டத்தோடு நடந்துவரும் பிள்ளையின் தலையில் அதை வைப்பது கொடுமை. பருத்தி நூல் கனமானது, ரப்பர்போல இழுபட்டுத் திரும்புவதும் இல்லை. ஆனாலும் வியர்வையை வாங்கிக்கொள்கிறது, துவைத்தால் புதிதுபோல ஆகிறது. தொப்பி 110 கிராம் வந்தது. தளர்ந்துவிடாமல் இருக்கக் கடைசி மூன்று சுற்றை 3 மி.மீ. ஊசியில் இறுக்கிப் போட்டேன்.

நெற்றிக்கு முன்னே 30 கண்ணிகளை விட்டுவிட்டு, மீதி 66 கண்ணிகளில் இங்குமங்குமாகப் பதினாறு வரிசை இறக்கி, கன்னத்தையும் பிடரியையும் மூடினேன். குரங்கின் கன்னத்தில் மயிர் தெரியவேண்டுமே என்பதற்காக, ஓரத்து வரிசைகளில் நூலை விரலில் சுற்றி வளையம் வளையமாக விட்டுப் பின்னினேன். இந்த வளையங்கள் நமக்கு எதிர்ப்பக்கத்தில்தான் விழும். ஆகவே தொப்பியின் உள்பக்கம் நம்மை நோக்கியிருக்கும் வரிசைகளில் மட்டும் அவற்றைப் போடவேண்டும். இதை மறந்து நான்கு வரிசையை அவிழ்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், அடுத்தவர்களுக்காவது அந்த மாலைப்பொழுது மிச்சமாகட்டும்.

காதுகளே இந்தத் தொப்பியின் உயிர். ஒற்றை வட்டத்தைப் பின்னித் தைத்தால் காது ஒரு மணி நேரத்தில் தொங்கிவிடும், குரங்கு நாய்க்குட்டியாகிவிடும். பழுப்பில் ஒன்றும் இளஞ்சந்தனத்தில் ஒன்றுமாக இரண்டு வட்டங்களைப் பின்னி, இரண்டையும் சேர்த்து ஓரச்சுற்றுப் போட்டேன். தைக்கும்போது அடியை நேர்கோட்டில் வைக்காமல், பிறை வடிவில் வளைத்து வைத்துத் தைத்தேன். வளைந்த அடி காதைத் தானே தூக்கிப் பிடிக்கிறது. எந்த உயரத்தில் வைப்பது என்பதை மேசையில் வைத்துத் தீர்மானிக்க முடியாது. பையனை நாற்காலியில் உட்காரவைத்து, தொப்பியைப் போட்டு, காதுகளை ஊக்குக் குத்திப் பார்த்துப் பார்த்து மாற்றினேன். கண்ணுக்கு நேர்மட்டத்தில் வைத்தபோதுதான் முகம் குரங்காயிற்று. ஒரு விரற்கடை மேலே போனால் அது கரடி.

கொம்பும் துதிக்கையும் வேறு வகைச் சிக்கல். நேரான கூம்பையும் குழாயையும் யாரும் பின்னிவிடலாம், வளைவு வேண்டுமே. பலர் உள்ளே கம்பி வைத்து வளைக்கிறார்கள். குழந்தையின் தலையில் இருக்கும் பொருளில் கம்பி வைப்பதை நான் ஏற்கமாட்டேன், நுனியை எவ்வளவு சுற்றி மறைத்தாலும் ஏற்கமாட்டேன். தொப்பியின் ஓரத்துக்கு விறைப்பு வேண்டுமென்றால் பனைநார் ஒன்றை உள்ளே வைத்துப் பின்னிக்கொள்ளலாம். அது வளையும், நனைந்தாலும் துருப்பிடிக்காது. கொம்பின் வளைவுக்கோ நாரும் தேவையில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பாதியைக் குட்டைக் கண்ணியிலும் மறுபாதியை அதைவிட நெட்டையான கண்ணியிலும் பின்னினால், நெட்டைப் பக்கம் நீளமாக வளர்ந்து, குட்டைப் பக்கத்தை நோக்கிக் குழாய் வளையும். மகிஷாசுரன் வேடத்துக்கான எருமைக் கொம்பை இப்படித்தான் பின்னினேன்.

இங்கே கைப்பழக்கம் ஒன்று குறுக்கே வரும். திருப்பாமல் சுற்றிச் சுற்றிப் பின்னும்போது ஒரு கண்ணி கீழ்க்கண்ணியின் நேர் உச்சியில் உட்காருவதில்லை. வலக்கைக்காரர்களுக்குச் சற்று வலப்பக்கமாகச் சாய்ந்து உட்காரும். பத்துப் பன்னிரண்டு சுற்று ஆனபின் பார்த்தால், நெட்டைப் பக்கம் முதுகிலிருந்து விலாவுக்கு நகர்ந்திருக்கும். கொம்பு வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். சில சுற்றுகளுக்கு ஒருமுறை, சுற்றின் தொடக்கத்தைக் காட்டும் அடையாள ஊக்கை ஒரு கண்ணி முன்னே தள்ளி வைத்துத் தொடங்குவதே இதற்கு வழி. எத்தனை சுற்றுக்கு ஒருமுறை என்பது அவரவர் கையைப் பொறுத்தது. என் கைக்கு மூன்று.

நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி 2025 ஜனவரியில் மறைந்தபோது, திருநெல்வேலி டவுனில் இருக்கும் என் தங்கையின் மூத்த மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அதனிடம் ஆசி வாங்கிப் பழகிய பிள்ளை. அவளுக்காக ஒரு யானை பின்னத் தொடங்கினேன். நான் பின்னியவற்றுள் மிகக் கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டதும், மிகக் கூடுதலாக அவிழ்க்கப்பட்டதும் அதுதான். தலையின் உருண்டைதான் என்னை நிறுத்தி வைத்தது. வழக்கமான செய்முறையில் ஆறு சுற்றுக் கூட்டி 36 ஆக்கி, ஐந்தாறு சுற்று நேராகப் போய், அதேபோலக் குறைத்து மூடுவார்கள். பஞ்சு அடைக்காமல் அதைப் பார்த்தால் சிறு மேளம்போல இருக்கும். பஞ்சுதான் அதைத் தள்ளி உருண்டையாக்குகிறது. நாளடைவில் பஞ்சு அமுங்க, மேளத்தின் தோள்கள் மறுபடி தெரியத் தொடங்கும்.

கண்ணிகளிலேயே உருண்டை இருக்கவேண்டுமென்று கணக்குப் போட்டேன். உருண்டையின் நடுச்சுற்று 36 என்றால், ஒரு துருவத்திலிருந்து மறு துருவம்வரை உள்ள தூரம் அதில் பாதி, அதாவது 18 கண்ணி உயரம். அந்தப் பதினெட்டைப் படிப்படியாக வைத்து, ஒவ்வொரு படியிலும் உருண்டையின் குறுக்கு வட்டம் எவ்வளவு என்று சைன் அட்டவணையைக் கொண்டு பார்த்தால் 6, 12, 18, 23, 28, 31, 34, 35, 36 என்று ஏறி, அதே வழியில் இறங்குகிறது. மொத்தம் பதினேழு சுற்று. முதல் மூன்று சுற்றில் ஆறு ஆறாகக் கூடுகிறது. அதன்பின் ஐந்து, ஐந்து, மூன்று, மூன்று, ஒன்று, ஒன்று எனத் தேய்கிறது. துருவத்தருகே பரப்பு தட்டையாகவும் நடுவில் நிமிர்ந்தும் இருப்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. அப்படிப் பின்னிய உருண்டையை நான் பஞ்சு வைப்பதற்கு முன்பே உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். காற்று அடைத்ததுபோல நின்றது. அன்று இரவு வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். குறைக்கும்போது இரண்டு கண்ணிகளின் முன்னிழைகளை மட்டும் சேர்த்து எடுத்தால் குறைத்த இடம் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பொம்மைக்கு எப்போதும் நூல் கேட்பதைவிட ஓர் அளவு சிறிய ஊசியையே எடுக்கவேண்டும். நான் 2.5 மி.மீ. ஊசியில் பின்னுகிறேன். கண்ணிகளுக்கிடையே வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தால் எவ்வளவு நல்ல உருவமும் அழகு கெடும். இலவம்பஞ்சு வைத்துப் பார்த்திருக்கிறேன். தொடுவதற்கு அதைப்போல மென்மை வேறில்லை, ஆனால் நனைந்தால் கட்டி கட்டியாகி உலர நாளாகிறது. துவைக்கப்படும் பொம்மைக்குப் பாலியஸ்டர் பஞ்சே ஏற்றது.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. முதலில் அந்த யானைக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் கண் வைத்தேன். பின்பக்கம் வட்டு அழுத்திப் பூட்டும் வகை. கழலாது என்று விற்கப்பட்டது. மூத்தவள் அதைத் தன் தங்கைக்கு விளையாடக் கொடுத்திருக்கிறாள். ஒன்றேகால் வயதுக் குழந்தை. ஒரு வாரம் கடித்ததில் கண்ணைச் சுற்றியிருந்த கண்ணிகள் விரிந்து, கண் வட்டோடு வெளியே வந்துவிட்டது. குழந்தையின் கன்னத்துக்குள் அது இருந்ததை என் தங்கை பார்த்து எடுத்தாள். அதைத் தொலைபேசியில் கேட்டபோது என் கை நடுங்கியது. பிளாஸ்டிக் கழலாமல் இருந்திருக்கலாம், பின்னல் இடங்கொடுத்துவிட்டதே. அன்றிலிருந்து எந்த வயதுப் பிள்ளைக்கானாலும் கண்ணை நூலால்தான் பின்னுகிறேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்குப் பொத்தானோ மணியோ வைத்த எதையும் கொடுப்பதில்லை. யானைக்கும் இப்போது கறுப்பு நூல் கண். ஓரத்தில் ஒரு வெள்ளை இழை. காந்திமதியின் பார்வை அதில்தான் இருக்கிறது என்று மூத்தவள் சொல்கிறாள்.

எல்லாவற்றையும் பின்னியே தீரவேண்டும் என்பதும் என் எண்ணம் அன்று. டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள் நெருங்கும்போது, தலைப்பாகை பின்னித் தரமுடியுமா என்று எட்டயபுரம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வரை கேட்கிறார்கள். தலைப்பாகை துணியின் மடிப்பிலும் வாலின் ஒசிவிலும் இருக்கும் பொருள். வெள்ளை மல் துணி இரண்டு மீட்டர் போதும், நானே கட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லி அனுப்புகிறேன். கண்ணியில் பின்னினால் அது கட்டுப்போட்ட தலைபோலத்தான் இருக்கும்.

சூரசம்ஹாரம் முடிந்து மூன்றாம் நாள் குரங்குத் தொப்பி என்னிடம் திரும்பி வந்தது. கடற்கரை மணலும் வியர்வை உப்பும் நெற்றிச் சாயமும் ஏறியிருந்தன. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, ஒரு பானையைக் கவிழ்த்து அதன்மேல் போட்டு நிழலில் உலர்த்தினேன். சுற்றளவு ஒரு செ.மீ. கூடியிருந்தது, காதுகள் நின்றபடியே இருந்தன.

இந்த ஆண்டு அவனுக்குக் கரடி வேடம். நேற்று மாலை வந்து தலையைக் கொடுத்துவிட்டுப் போனான்: 53 செ.மீ. மூன்று கழித்தால் 50, நூறு கண்ணி, ஆறால் வகுபட 102, அதாவது கூட்டும் சுற்றுகள் பதினேழு. உச்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூஞ்சியை முதலில் தொடங்கியிருக்கிறேன். அது வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கவேண்டும் என்பதால், மேஜிக் ரிங்கை விட்டுவிட்டு ஏழு சங்கிலிக் கண்ணி வரிசையாகப் போட்டு, அதன் இரு கரையிலும் பின்னிக்கொண்டு, சுற்றுக்கு உரிய அதே ஆறை இரண்டு முனைகளுக்கும் மூன்று மூன்றாகப் பிரித்துக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். நான்கு சுற்று ஆகியிருக்கிறது.